குறைந்துசெல்லும் மீதி

நாலு வருசப் பட்டம் ஆறு வருசமாயிற்று.
கொரோனாவுக்கு ஒன்றரை, வேலைநிறுத்தங்களுக்கு மீதி.
அந்த இரண்டு வருசத்துக்கும் அறை வாடகை உண்டு,
திருநெல்வேலியில், மாதம் ஐயாயிரம், கரண்ட் தனி.
மகாபொலவும் ஐயாயிரம்தான்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வந்த பூச்சியத்தில்
நான் மூன்றுவேளை சாப்பிட்டிருக்கிறேன்.

இலவசக் கல்வி என்கிறார்கள். சரி.
அம்மாவின் இரண்டு பவுண் சங்கிலி
மாங்குளத்து வங்கியின் இரும்புப் பெட்டிக்குள்
நான் முதலாம் வருசம் நுழைந்த அதே மாதம் நுழைந்தது.
நான் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு கிழமைக் கடன்.
அறுபதாயிரம்; கிழமைக்கு ஆயிரத்து ஐந்நூறு, ஐம்பத்திரண்டு கிழமை.
அட்டையில் முப்பது வீதம் என்று அடித்திருந்தது.
கோழிக்கூட்டுக்கென்று எடுத்தது
என் மடிக்கணினிக்குப் போனது.
கோழி எங்கே என்று பார்க்க வந்தவருக்கு
அம்மா பக்கத்து வீட்டுச் சேவலைக் காட்டினா.

மூன்றாம் வருசம் எண்சார் பகுப்பாய்வு.
நியூட்டன்-ராப்சன் முறை படித்த கையோடு
விடுமுறைக்கு வந்து, அந்த அட்டையின் பின்பக்கத்தில்
நாலு தரம் கிட்டக் கிட்டப் போய்ப் பிடித்தேன்:
முப்பது இல்லை. ஐம்பத்துநாலு.
திருப்பிக் கொடுத்துவிட்ட காசுக்கும்
கடைசிக் கிழமைவரை வட்டி ஓடுகிறது.
பட்டத்தின் முதல் வருமானம் என்று அதைத்தான் சொல்வேன்.
அம்மா கிணற்றுக்குள் வாளியை விட்டபடி கேட்டா,
"சரி, ஐம்பத்துநாலு. செவ்வாய்க்கிழமை வராமல் விடுமோ?"

அதற்கு என்னிடம் முறை இருக்கவில்லை.
அந்தக் கடனை முடிக்க இன்னொன்று எடுத்தோம்.

பட்டமளிப்பு முடிந்து பதினாலு மாதம்.
மல்லாவிச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை,
சம்பளம் பதினெட்டாயிரம்.
திங்கள் இரவுகளில் குழுப் பெண்கள் அட்டைகளோடு வருவார்கள்:
மீதி எவ்வளவு, முந்திக் கட்டினால் குறையுமோ,
என்ர பேரில வேற ஆரும் எடுத்திருக்கினமோ.
பார்த்துச் சொன்னால் கத்தரிக்காய்.
ஒருமுறை வவுனிக்குளத்து யப்பான் மீன்.
ஒருமுறை ஒன்றுமில்லை, அழுகை.
கத்தரிக்காயை அன்றைய சந்தை விலைக்கு வரவில் போட்டேன்.
அழுகையை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
பென்சிலால் எழுதி விட்டிருக்கிறேன்.

தை பிறக்கப் புது ஆள் வந்தான்,
நீலச் சட்டை, தலைக்கவசம். கழற்றினால் நிருத்தன்.
ஒட்டுசுட்டான் பெடியன், என்னுடைய பட்ச்,
மெய்ப் பகுப்பாய்வில் என்னைவிட மூன்று புள்ளி கூட.
யோகராணி அக்காவின் மாமரத்தின் கீழ் பதினொரு பெண்கள்.
காசை எண்ணாமலே வாங்கிப் பைக்குள் வைத்தான்.
நாகேஸ் அன்ரி எழும்பி,
நான் சொல்லிக்கொடுத்தபடியே, என்னைப் பாராமல் கேட்டா:
"தம்பி, இது முப்பதோ ஐம்பத்துநாலோ?"
அவன் என்னைப் பார்த்தான்.
"ஐம்பத்துநாலு தசம் ஒன்று" என்றான்.
பேனை மூடியைக் கழற்றியபடி,
"கூட்டுவட்டியாப் பார்த்தா எழுபத்தொன்று.
கையெழுத்துப் போடுங்கோ."

போட்டார்கள்.

படலையடியில் எனக்கு மட்டும் சொன்னான்:
கைக்கு நாற்பத்திரண்டாயிரம் என்று பேச்சு,
மோட்டார் சைக்கிள் அதே கொம்பனியின் லீசிங்,
பதினேழு பிடிக்கிறாங்கள், பெற்றோல் தன்ர.
லீசிங்கின் உண்மை வீதம் கணக்குப் பார்த்தியோ என்றேன்.
இல்லையாம். "பார்த்தா ஓட ஏலாது."
துணுக்காய்ப் பக்கம் இன்னொரு வெற்றிடமாம்.
கணிதம் படித்த ஆட்கள் என்றால் விருப்பமாம்.
படிவத்துக்கு இரண்டு பக்கம்,
எங்கள் கடையில் கொப்பி எடுத்தால் இருபது ரூபாய்.

உதைத்தான். ஸ்டார்ட் ஆகவில்லை, இரவு மழை.
திரும்ப உதைத்தான்.
அடுத்த குழுவுக்குப் பிந்திவிட்டதென்று மணிக்கூட்டைப் பார்க்க,
கையெழுத்துப் போட்ட பெண்களே எழும்பி வந்து
பின்னால் பிடித்துத் தள்ளினார்கள், சிரித்துக்கொண்டு.
நானும் தள்ளினேன்.
குளக்கட்டு ஏறும்வரை தள்ள வேண்டியிருந்தது.